திரு. சவரிமுத்து புண்படுவார்

1

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இந்த நாட்டில் கடிதம் என்றாலே நான் உட்கார்ந்துகொண்டுதான் பிரிப்பேன். நகராட்சி எழுதும், வரி அலுவலகம் எழுதும், குப்பை அள்ளுகிறவர்கள்கூட எழுதுவார்கள். எல்லோரும் மிக மரியாதையாக எழுதுவார்கள். மரியாதை கூடக் கூட நமக்கு அலைச்சல் அதிகம் என்று பத்தொன்பது வருட நெதர்லாந்து வாழ்க்கையில் கற்றுக்கொண்டிருக்கிறேன். இது என் மகள் ரீட்டா படிக்கும் பள்ளியிலிருந்து வந்தது. உறையின்மேல் 'சவரிமுத்து குடும்பத்தினருக்கு' என்று இருந்தது.

சவரிமுத்து என் அப்பா. என் பெயர் அமலன். மதுரைப் பழங்காநத்தத்தில் ரேஷன் கார்டு வரைக்கும் நான் ச. அமலன்தான். இங்கே வந்து இறங்கிய வாரம் நகராட்சியில் பதிவு செய்யப் போனேன். குடும்பப் பெயர் என்ன என்று கவுண்டரில் இருந்த அம்மாள் கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றேன். அது இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் அந்த 'ச'வை விரித்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பல் டாக்டர் முதல் தபால்காரர் வரை என்னை மெனேர் சவரிமுத்து என்றே கூப்பிடுகிறார்கள். மெனேர் என்றால் நம் ஊர் 'சார்'. அப்பா ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், மதுரையைத் தாண்டி அதிகம் போனதில்லை. அவர் பெயர் மட்டும் இங்கே எல்லாக் கவுண்டரிலும் ஏறி இறங்குகிறது. அவர் இறந்து ஐந்து வருடமாகிறது. காத்திருப்பு அறையில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால், எழுந்திருக்கும்முன் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

கடிதத்துக்கு வருகிறேன். ரீட்டாவின் வகுப்பு, பள்ளிப் படிப்பை முடிக்கும் வருடத்து வழக்கப்படி தாங்களே ஒரு நாடகம் எழுதி நடத்துகிறது. அதில் ஒரு காட்சியில் இயேசு வருகிறார், கேலி செய்யப்படுகிறார். மத நம்பிக்கை உடைய குடும்பங்களின் உணர்வைப் பள்ளி மதிக்கிறது. ஆகவே கீழே இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டு அனுப்பவும். முதல் கட்டம்: எங்கள் குடும்பம் மத நம்பிக்கை உடையது, இக்காட்சி எங்களைப் புண்படுத்தும். இரண்டாம் கட்டம்: எங்கள் குடும்பத்துக்கு மத நம்பிக்கை இல்லை, ஆட்சேபம் இல்லை.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம்பிக்கை இருக்கிறது. புண்படுவேனா என்று தெரியாது, காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லையே. மூன்றாவது கட்டம் ஏதாவது பின்பக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

என் மனைவி செலின் மருத்துவமனையில் நர்ஸ். டச்சு மொழி அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். அவள்தான் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். மாணவர்கள் தாங்களே பெயர் கொடுத்த குடும்பங்களுக்கு மட்டும் இந்தப் படிவம் அனுப்பப்படுகிறதாம்.

"நம்ம பேர இவதாங்க குடுத்திருக்கா," என்றாள்.

2

ரீட்டாவுக்குப் பதினேழு வயது. சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"நம்ம பேர நீ குடுத்தியா தாயி?"

"ஆமா." தட்டிலிருந்து நிமிரவில்லை. "நீங்க வந்து பாத்து, கோபம் வந்து, நடுவுல எந்திரிச்சுப் போனா? எல்லாரும் பாப்பாங்க. அதுக்கு முன்னாடியே கேக்கட்டும்னு குடுத்தேன்."

"நான் எங்கம்மா எந்திரிச்சுப் போயிருக்கேன்?"

"இதுவரைக்கும் போகல."

"அப்புறம்?"

"நீங்க நம்புறவர் அப்பா. நம்புறவங்க அப்படித்தான்." அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று விருந்துக்கு முன்பே வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைப்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

எனக்கு வலித்தது. நாடகம் வலிக்கவில்லை, இது வலித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் பூசைக்குப் போகிறேன். பதினைந்து இருபது வயதானவர்கள், ஒரு போலந்துக்காரக் குடும்பம், நான். சின்ன வயதில் ரீட்டா முன் கூடையில் உட்கார்ந்து, வழியில் வாத்துகளை எண்ணிக்கொண்டு வருவாள். பதினான்கு வயதில் இனி வரவில்லை என்றாள். சரி என்றேன். திட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ அப்பா கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஊரில் இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் ஊரில் நான் செய்தது எனக்குத் தெரியுமே.

3

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சின்னக் கோயிலில் வருடா வருடம் பாஸ்கா போடுவார்கள். இயேசுவின் சிலுவைப் பாடுகளை மக்களே நடிக்கும் நாடகம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ ஆரம்பிக்கும். இயேசுவாக நடிப்பவர் டெய்லர் தேவசகாயம். ஒல்லியான ஆள். நாற்பது நாளும் தாடி வளர்த்து, எல்லோருடைய உடுப்பையும் அவரே தைத்து, கடைசியில் சிலுவையில் தொங்குவார். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். அப்பா அவரை மாப்ள என்பார், அவர் அப்பாவை மாமா என்பார். சொந்தம் ஒன்றும் கிடையாது.

அப்பாவுக்குக் கேலிச் சேவகன் வேடம். முள்முடி வைத்து, துப்பி, யூதரின் ராசாவே வாழ்க என்று நக்கலடிக்கிறவன். எங்கள் கோயிலில் அந்த வேடத்தை யாருக்கும் லேசில் கொடுத்துவிட மாட்டார்கள். குடிக்கிறவனுக்கு யூதாஸ் கிடைக்கும், சட்டம் பேசுகிறவனுக்குப் பிலாத்து கிடைக்கும். சாமியை வைகிற வேடம் மட்டும் தவக்காலம் முழுக்க ஒருவேளை சாப்பிட்டு, தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குத்தான். வைகிற வாய் சுத்தமாக இருக்க வேண்டுமாம். மேடை ஏறுவதற்கு முன் திரைக்குப் பின்னால் அந்தச் சேவகன் இயேசு வேடக்காரர் முன் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மன்னிச்சுக்க மாப்ள," என்பார் அப்பா.

"மனசார வையுங்க மாமா," என்பார் தேவசகாயம்.

பிறகு மேடையில் அப்பா வைவார் பாருங்கள்! கிளார்க் நாற்காலியில் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனுசன் அங்கே வேறு ஆள். எழுதிக் கொடுத்த வசனம் இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் அவர் சொந்தச் சரக்கு.

"மூணு நாள்ல கோயில இடிச்சுக் கட்டுவேன்னு சொன்னவன் இவன்தானாம்ல! யப்பா ராசா, நம்ம கோயில் கூரை ஆறு வருசமா ஒழுகுதுய்யா. கமிட்டி போட்டுப் போட்டுப் பாத்துட்டாக. ஒனக்கு மூணு நாளு வேணாம், மூணு மாசம் எடுத்துக்க. வந்து அடைச்சுக் குடுத்துட்டுப் போ!"

கூட்டம் உருண்டு சிரிக்கும். முன்வரிசையில் பங்குச் சாமியாரே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு அடங்கும்முன் அப்பா திரும்பி, தேவசகாயத்தின் தலையில் முடியை வைத்து இரண்டு கையாலும் அழுத்துவார். சடாரென்று எல்லாம் நின்றுபோகும். சிரித்த வாய் திறந்தபடி இருக்க, பெண்கள் அழத் தொடங்குவார்கள். கூடச் சேர்ந்து சிரித்தது நாமும்தானே என்று அப்போதுதான் உறைக்கும். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டார். முகத்தைக் கழுவிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அந்தக் கூட்டத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். கோயில் வாசலில் விரித்த கோரைப்பாய், முறுக்கு வாசனை, ஒலிபெருக்கியின் கொரகொரப்பு. இங்கே பெரிய வெள்ளியன்று பூசை முடிந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

4

இருபத்தொரு வயதில் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் பேனல் செய்யும் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த பாண்டியை அந்த வருடம் பாஸ்கா பார்க்கக் கூப்பிட்டேன். அழகர்கோவில் பக்கத்து ஊர்க்காரன். என் அப்பாவின் கூரை வசனத்துக்கு அவன் கைதட்டிச் சிரித்தான். எல்லோரும்தான் சிரித்தார்கள். ஆனால் அவன் சிரித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. திங்கட்கிழமை கம்பெனியில் இன்னொருவன் வந்து, "என்னப்பா, ஒங்க சாமிய நீங்களே ஓட்டுறீகளாமே?" என்று சும்மா கேட்டான். எனக்கு அது சும்மாவாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் கோயில் இளைஞர் மன்றத்தில் கூடி ஒரு மனு எழுதினோம். 'விசுவாசிகளின் மனம் புண்படும்படி' என்று அதில் ஒரு வரி. எந்த விசுவாசியையும் நாங்கள் கேட்கவில்லை. அழுத பெண்களைக் கேட்கவில்லை, சிரித்த சாமியாரைக் கேட்கவில்லை, தலையில் முள் வாங்கிய தேவசகாயத்தைக் கேட்கவில்லை. பதினோரு கையெழுத்து. ஐந்தாவது என்னுடையது. என் பக்தி அன்று என்ன லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் காப்பாற்ற நினைத்தது சாமியை அல்ல, கம்பெனியில் என் முகத்தை.

பங்குச் சாமியார் பாவம், இளைஞர்கள் கோயிலுக்கு வராமல் போய்விடுவார்களோ என்று பயந்தார். அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கேட்டார்.

"நீயும் போட்டியாடா?"

"ஆமாப்பா. அடுத்தவக பாத்துச் சிரிக்காக."

"சரி," என்றார். அவ்வளவுதான்.

மறு வருடம் கேலிச் சேவகனுக்கு வசனம் இல்லை. அப்பா வந்தார், முடியை வைத்தார், போனார். யாரும் சிரிக்கவில்லை. அழுகையும் பெரிதாக வரவில்லை. அதற்கடுத்த வருடம் அவர் வேடமே கட்டவில்லை. கேட்டதற்கு முழங்கால் வலி என்றார்.

பாண்டி அந்த வசனமில்லாத வருடமும் வந்திருந்தான். முடிந்ததும் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டான். "ஏன்டா ஒங்கப்பா பேசல? அவரு பேசுறதக் கேக்கத்தானடா அம்புட்டு தூரத்துல இருந்து வந்தேன்?"

மனு கொடுத்த கதையைச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நாங்க எங்க அழகரையே, தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வராத அண்ணன்னு ஆத்துக்கரையில நின்னு கேலி பேசுவோம். அவரு குதிரையில வந்து எறங்குறப்ப அழுகவும் செய்வோம். இதுல ஒனக்கு என்னடா வந்துச்சு?"

ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையுள்ளவர்கள் எதற்கும் புண்பட மாட்டார்கள் என்று சாதிக்க நான் இதை எழுதவில்லை. புண்படுகிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் சில சமயம் உண்டு. மனு எழுதுகிறவர்களும் உண்டு, நானே ஒருவன். பிறகு கப்பலூர் வேலையை விட்டேன், வளைகுடாவுக்குப் போனேன், அங்கிருந்து இங்கே வந்தேன். அப்பாவிடம் அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒருநாள் பேச வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைத்துக்கொண்டு போவேன். மட்டன் சாப்பிட்டுவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கடைசியில் நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

5

படிவத்தில் குறியிடாமல் பள்ளிக்கு நேரில் போனேன். மழை. நுழைவாயில் நடைவழியில் கூரை ஒழுகி, அடியில் ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள். நாடக ஆசிரியையின் பெயர் மரைக்கே. முதலில் கேட்டபோது கீழக்கரைப் பக்கம் சொந்தம் உண்டா என்று விசாரிக்கத் தோன்றியது. பெயர்தான் அப்படி, ஆள் தங்க நிறத் தலைமுடியுடன் ஆறடி உயரம். காபி கொடுத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார், ஒன்று எடுத்தேன், மூடிவிட்டார். இங்கே அதுதான் உபசாரம். ரீட்டா பக்கத்து நாற்காலியில் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கள் கவலைப்பட வேண்டாம்," என்றார் மரைக்கே. "அந்தக் காட்சியை ஏற்கனவே நீக்கிவிட்டோம். மாணவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் திரு. சவரிமுத்து புண்படுவார் என்பது எங்களுக்குப் புரிகிறது."

எனக்குக் காபி புரையேறியது. திரு. சவரிமுத்துவாம், புண்படுவாராம். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய் டிஷ்யூவை நீட்டினார். என் மதம் எவ்வளவு ஆழமாக என்னை அழவைக்கிறது என்று அவர் முகத்தில் அப்படி ஒரு இரக்கம்.

காட்சியைக் காட்டுங்கள் என்றேன். ரீட்டா தயங்கித் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்று பக்கம். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். இயேசு ஒரு நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார். கவுண்டரில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். இல்லை என்கிறார். கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையிழந்து அவரைக் கேலி செய்கிறார்கள்.

ரீட்டாவைப் பார்த்தேன். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எப்போதோ அவளுக்குச் சொன்ன கதை. சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன். அதிலிருந்த மற்றதையும் பிள்ளை கேட்டு வைத்திருந்திருக்கிறது.

காட்சியில் இன்னொருவன் உண்டு. கழுத்தில் பெரிய சிலுவை. மூன்று பக்கத்திலும் அவனுக்கு ஒரே வசனம்: "தடை செய்! தடை செய்!" எதற்கெடுத்தாலும் அதுதான். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. வரிசையில் வந்து மோப்பம் பிடிக்கும் நாய்க்குக்கூட ஒரு பெயர் இருந்தது. இவனுக்கு இல்லை.

"இது யாரு தாயி?" என்று தமிழில் கேட்டேன்.

"அது... நம்புறவர்." குரலே எழும்பவில்லை.

மரைக்கேயிடம் திரும்பினேன். நான் சொல்ல நினைத்தது நிறைய. என் டச்சுக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பு இல்லை. "காட்சியைத் திரும்ப வையுங்கள்," என்றேன். "எல்லாம் இருக்கட்டும். இந்த ஆளும் இருக்கட்டும், இப்படி ஆட்கள் உண்டு, நானும் இருந்திருக்கிறேன். இவனுக்கு இரண்டாவதாக ஒரு வசனம் மட்டும் கொடுங்கள்."

"அப்படியானால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையா?"

"இல்லை."

"ஆனால் உங்களுக்கு நம்பிக்கை..."

"இருக்கிறது."

அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் குறியிட்டுக் கொடுத்தேன். அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல பெண்தான். நாளைக்கு யாரிடமாவது கேட்கிறேன் என்றார்.

6

சைக்கிள் கொட்டகையில் மழை விடுவதற்காக நின்றோம். அங்கேதான் ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கா, தாத்தாவின் வேடம், முழங்காலில் நிற்பது, கூரை வசனம், என் கையெழுத்து. மகளிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது சாமியாரிடம் செய்வதைவிடக் கஷ்டம்.

"தாத்தாவ நிறுத்தினது நீங்களா?" என்றாள்.

"ஆமா."

"அப்போ நான் எழுதின ஆள் சரிதானே."

"சரிதான். பாதி சரி."

சைக்கிள் இருக்கையில் தெறித்திருந்த மழையைக் கையால் துடைத்தாள். "அந்த வசனம் இல்லாத வருஷம் தாத்தா என்ன சொன்னாங்க?"

"சரின்னாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

"உங்ககிட்ட சொல்லல. வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பாங்கல்ல?"

எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் நினைவு நாள். ஒவ்வொரு வருடமும் தேவசகாயம்தான் ஊரில் பூசைக்குப் பெயர் கொடுத்து, கல்லறைக்குப் பூ வைக்கிறார். நன்றி சொல்லக் கூப்பிட்டேன். இங்கே மதியம், அங்கே சாயங்காலம். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம். ரீட்டா பக்கத்தில் உட்கார்ந்து, ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"பூச நல்லா நடந்துச்சு தம்பி. மாமா பேர சாமியார் ரெண்டு தடவ வாசிச்சாரு."

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அப்பா பேசாம நடிச்ச வருசம் ஞாபகம் இருக்கா?"

மிஷின் நின்றது.

"இல்லாமயா? அந்த வருசமும் தெரைக்குப் பின்னால வந்து எம் முன்னால முழங்கால் போட்டுட்டாரு. நாஞ் சொன்னேன், எதுக்கு மாமா, இந்த வருசம்தான் நீங்க ஒண்ணும் வைய மாட்டீகளேன்னு. அதுக்கு அவரு சொன்னாரு, பேசாம நிக்கப் போறேன்ல மாப்ள, அதுக்குத்தான்னு."

ரீட்டா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மேல கோவமா இருந்தாராண்ணே?"

"கோவமா? ச்சே. சின்னப் பய, வெளி ஒலகத்துல மானமா நடமாடணும்னு நெனைக்கான், அது தப்பா மாப்ளன்னாரு. ஆனா வருத்தம் தம்பி. ரொம்ப வருத்தம். மத்தவக பேச வேணாம்னா தாங்கிருப்பாரு. நீ ஒருவாட்டி வந்து பேசுங்கப்பான்னு சொல்லுவன்னு ஒவ்வொரு தவக்காலமும் பாத்தாரு."

ஒவ்வொரு தவக்காலமும். நான் வளைகுடாவிலிருந்து அப்பாவுக்கு வாட்ச் வாங்கி அனுப்பினேன், இங்கிருந்து ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினேன். மதுரை வெயிலுக்கு ஸ்வெட்டர். அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தது இரண்டு வார்த்தை. ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். ரீட்டா எழுந்து போய்விடாமல் கூடவே இருந்தாள். அதன்பின், "அந்தக் கூரை வசனத்த இன்னொரு தடவ சொல்லுங்கப்பா, மெதுவா," என்றாள். சொன்னேன்.

7

நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே தொடங்கியது. செலின் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பெற்றோர் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நீக்கப்பட்டுத் திரும்பச் சேர்ந்த காட்சியின் கதை ஊருக்கே தெரிந்திருந்தது. அந்தக் குடும்பம் இதுதான் என்பதும் தெரிந்திருந்தது. எங்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி கொஞ்சம் தாராளமாகவே காலியாக இருந்தது.

தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன் ரீட்டா ஒப்பனையோடு பக்கக் கதவு வழியாக ஓடி வந்தாள். வரிசையில் பின்னால் நிற்கும் பெண் வேடம் அவளுக்கு. எல்லோரும் பார்க்க, என் நாற்காலிக்கு முன்னால் சட்டென்று முழங்காலில் நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க அப்பா."

அவள் தமிழில் சுருதி கொஞ்சம் தப்பும். அன்று தப்பவில்லை. எனக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

"மனசார வையி தாயி."

காட்சி வந்தது. இயேசுவாக ஒரு சுருட்டைமுடிப் பையன். குடும்பப் பெயர் இல்லை, கணினி நகரவில்லை. பெரிய சிலுவைக்காரன் தடை செய், தடை செய் என்று கத்தினான். கத்தி முடித்துக் களைத்து, இயேசுவைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ரொம்ப நேரமாக நிற்கிறீர்களே, உட்காருங்கள்," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனுக்குக் கிடைத்த இரண்டாவது வசனம் அது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்போது ரீட்டா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவள் பேசியது டச்சு. ஆனால் ஏற்ற இறக்கம் எல்லாம் பழங்காநத்தம்.

"மூன்று நாளில் கோயிலை இடித்துக் கட்டுவேன் என்று சொன்ன ஆள் நீதானாமே! ஐயா ராசா, எங்கள் பள்ளிக்கூடக் கூரை எத்தனை மழைக்காலமாக ஒழுகுகிறது தெரியுமா? குழு போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். உனக்கு மூன்று நாள் வேண்டாம், மூன்று மாதம் எடுத்துக்கொள். வந்து அடைத்துக் கொடுத்துவிட்டுப் போ!"

நடைவழியில் அந்த நீல வாளி இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. தலைகள் என் பக்கம் திரும்பின. மரைக்கே மேடை ஓரத்திலிருந்து என்னையே பார்த்தார். ஒரு மண்டபமே சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் அனுமதிக்காகக் காத்திருந்தது.

நான் சிரித்தேன். இந்த ஊர்ச் சிரிப்பு இல்லை, பாயில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரிக்கிற சிரிப்பு. முப்பது வருடத்துக்கு முன்னால் காது சூடாகி உட்கார்ந்திருந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு. அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சிரித்தேன். பின்வரிசையில் யாரோ சேர்ந்துகொண்டார்கள், பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்முன் ரீட்டா திரும்பினாள். வரிசை எண் சீட்டுகளைக் கோத்துச் செய்த முடி ஒன்று அவள் கையில் இருந்தது. அதை அந்தப் பையனின் தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

எல்லாம் நின்றுபோனது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தார்.

செலின் கல்யாணமாகி வருவதற்குள் அப்பா வேடம் கட்டுவதை விட்டுவிட்டார். அவள் பார்த்ததே இல்லை. மண்டபத்து இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மாமா இப்பிடித்தான் நின்னிருப்பாகளா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.